ஏழாம் நம்பர் தேர்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறுவதற்கு முன்பே ஆதிமூலத்தின் வாய்க்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. போட்டவள் அவர் மனைவி சரசு. வறுத்த மல்லாட்டை ஒரு படி, மஞ்சள் பையில் கட்டிக் கையில் கொடுத்தாள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். பேச வேண்டும் போல இருக்கும்போதெல்லாம் இரண்டை உரித்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள், வாய் நிறைந்திருந்தால் பேச்சு வராது என்று சொல்லி அனுப்பினாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா என்ன.

ஆதிமூலத்தின் வாய் சாமானியப்பட்ட வாய் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் டீ ஆறி ஏடு கட்டிவிடும், இவர் பேச்சு ஆறாது. பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தவர், இவர் வீட்டு மாடு எத்தனை ஈற்று ஈன்றது என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுதான் இறங்கியாக வேண்டும். நல்ல மனுஷர்தான். யாரையும் புறம் பேச மாட்டார். தன் வீட்டுப் பெருமையைத்தான் பேசுவார். அதுவே வம்பாகப் போயிற்று.

அவருடைய ஒரே மகள் கவிநிலா பலூனில் உருவம் செய்கிறவள். பிறந்தநாள் மேடை, கல்யாண வாசல் வளைவு என்று ஆரம்பித்து, இன்றைக்குத் திருவண்ணாமலையில் அவளைத் தெரியாத மண்டபக்காரர் இல்லை. வேங்கிக்காலில் வருஷா வருஷம் தை மாதம் ஒரு பலூன் கண்காட்சி நடக்கிறது. பார்க்க வருகிற ஜனங்களே முதலிடம் யாருக்கு என்று சொல்லுவார்கள். முதலிடம் வந்தால் சென்னையில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். அதற்காக மூன்று வருஷமாகத் தவம் கிடக்கிறாள் அந்தப் பெண். கண்காட்சியில் ஒரே ஒரு விதிதான் கண்டிப்பு. மாலை ஐந்து மணி வரை எதை யார் செய்தார் என்று பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. நம்பர் மட்டும் முன்னால் இருக்கும். பேர் எழுதிய அட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். சொந்தக்காரர்கள் வரலாம், பார்க்கலாம். ஆனால் பேரை வெளியே விட்டாலோ, ஓட்டுக் கேட்டாலோ அந்த நம்பரையே அடித்துவிடுவார்கள்.

போன வருஷம் அடித்துவிட்டார்கள். காரணம் சாட்சாத் இந்த மனுஷர்தான். அவள் செய்து வைத்திருந்த மயிலுக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து, என் பெண் செய்தது, என் பெண் செய்தது என்று ஓதிக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் புகார் போயிற்று. மயிலின் நம்பர் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. கவிநிலா கத்தித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் போய்ச் சேரும் வரை பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள். ஆதிமூலமும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பஸ்ஸில் பேசாமல் வந்தார். அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதுவே பெரிது. போனில் சொன்னது இவ்வளவுதான்: "வாப்பா, வந்து நல்லா பாரு. ஆனா அஞ்சு மணி வரைக்கும் நீ யாரோ, நான் யாரோ." என்ன செய்கிறாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரு மாதமாக டவுனில் வாடகைக்கு எடுத்த அறையே கதி என்று கிடந்தாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆதிமூலத்தின் இடது கையில் நாலு விரல்தான். சுண்டுவிரல் கிடையாது. அவர் ஊர் மாரியம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். ஓடுகிற தேரை நிறுத்தவும் திருப்பவும், சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் சொருகுகிற வேலை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், குளத்துத் தெருச் சரிவில், அந்த விரல் சக்கரத்தோடு போயிற்று. எதையெதையோ பேசுகிற மனுஷர் அதைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததே இல்லை. வீட்டில் யாராவது பேச்செடுத்தாலும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஏனென்றால் அன்றைக்குத் தேர் சரிவில் இறங்கும்போது அவர் ஒரு பங்காளியிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். திரும்புவதற்குள் ஒரு கணம் தாமதமாகிவிட்டது. கட்டையோடு கட்டையாகக் கையையும் கொடுத்துத்தான் தேரை நிறுத்தினார். விரல் போனது வாயால்தான் என்று உள்ளுக்குள் ஒரு வெட்கம். நாலு பேர் இருக்கிற இடத்தில் இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வது அன்றிலிருந்து பழகிப்போயிற்று.

கண்காட்சி நடந்தது கலெக்டர் ஆபீஸ் தாண்டி, புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்குப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் இங்கேயும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போனது. வாசலில் நின்ற பெண் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தாள். அதுதான் ஓட்டு. ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னால் குறுகிய வாய் வைத்த மண்கலயம் ஒன்று இருக்கும். பிடித்த உருவத்தின் கலயத்தில் போட வேண்டும். சொந்தக்காரர் தன் வீட்டுக் கலயத்தில் போடக் கூடாது என்றும் சொல்லி வைத்தாள். ஆதிமூலம் புளியங்கொட்டையை வாங்கி வலது உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் பிளந்தது, நல்லவேளை, வெறும் காற்றுத்தான் வந்தது.

முதலில் ஒரு கவர்மென்ட் பஸ், நிஜ பஸ்ஸில் பாதி உயரம். படிக்கட்டில் கண்டக்டர் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருக்கிறார், வாயில் விசில், விரலிடுக்கில் மடித்த நோட்டுகள். அத்தனையும் பலூன். ஜன்னல் ஷட்டர் ஒன்று பாதி இறங்கி மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக்கூட விடவில்லை செய்த பாவி. பக்கத்தில் ஆளுயர டம்ளரும் டவராவும், மேலே காபி நுரை பொங்கி வழிகிறது, நெல்லிக்காய் அளவு வெள்ளைப் பலூன்களாக. அப்புறம் ஒரு கிளி ஜோசியக்காரர். கூண்டுக் கதவு திறந்திருக்க, கிளி சீட்டை எடுக்காமல் பார்க்கிறவர் முகத்தையே உற்றுப் பார்க்கிறது. ஒரு குழந்தை அதனிடம் கையை நீட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

நாற்று நட்ட வயல் ஒன்றும் இருந்தது. பச்சை நிற நீளப் பலூன்கள் ஆயிரமாவது இருக்கும், நடுவில் ஒரு கொக்கு. ஆதிமூலம் அதை வயல்காரர் கண்ணோடு பார்த்தார். நாற்று நெருக்கம் ஜாஸ்தி, பயிர் தூர் கட்டாது. பக்கத்தில் நின்றவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தார். சட்டென்று நினைவு வந்து, இரண்டு மல்லாட்டையை உரித்து உள்ளே தள்ளினார்.

பலூன்தானே, ஊதிக் கட்டினால் ஆயிற்று என்று சொல்லுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் அவள் செய்யும்போது பார்த்திருக்கிறார். அட்டைப் பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஊதிய பலூன் ஒவ்வொன்றையும் அதில் விட்டு அளவு பார்ப்பாள். ஒரு நூல் கூடினாலும் காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஊதுவாள். ஆயிரம் பலூனுக்கு ஆயிரம் தடவை அளவு. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அந்த மண்டபத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. சொல்லத்தான் வழியில்லை. இன்னும் இரண்டு மல்லாட்டை போயிற்று.

கூட்டம் மொத்தமும் அடைத்துக்கொண்டு நின்றது ஏழாம் நம்பர் முன்னால்தான்.

தேர்! பதினைந்து அடி உயரத் தேர். உச்சியில் பொன் நிறக் கலசம், அடுக்கடுக்காகச் சிவப்பும் மஞ்சளும், சுற்றிலும் குழல் குழலாகத் தொங்கிக் காற்றில் ஆடுகிற தொம்பைகள், முன்னால் பாய்கிற நாலு வெள்ளைக் குதிரைகள். முறுக்கிய பலூனிலேயே வடம், தரையில் வளைந்து கிடக்கிறது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அண்ணாமலையார் தேரை அச்சாகச் செய்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஆதிமூலத்துக்கு மட்டும் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. இடது ஓரத்துக் குதிரைக்கு ஒரு காது மொண்ணை. அவர் ஊர் மாரியம்மன் தேரில், மரக்குதிரையின் காது எந்தக் காலத்திலோ ஒடிந்துபோய் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. இது எங்கள் ஊர்த் தேர் ஐயா, இதைச் செய்தவள் நான் பெற்ற பெண் ஐயா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உரித்து வைத்திருந்த ஒரு கைப்பிடி மல்லாட்டையை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார்.

கவிநிலா எங்கே என்று கண் தேடியது. உருவம் செய்த பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள், யார் எதற்குச் சொந்தம் என்று தெரியாதபடிக்கு. அவள் கண் இவர் மேல் பட்டது. யாரோ ஒரு ஆளைப் பார்த்துவிட்டு நகர்வது போல நகர்ந்தது. நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் என்ன நேர்த்தியாக நடிக்கிறாள் பெண் என்று அதிலும் ஒரு பெருமைதான் அந்த மனுஷருக்கு.

தேரைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்துப் பக்கம் கூட்டம் இல்லை. எல்லாருக்கும் உச்சிக் கலசம்தானே வேண்டும். அங்கேதான் அதைப் பார்த்தார். கறுப்புச் சக்கரத்தின் அடியில் ஒரு ஆள் குனிந்திருந்தான். தலையில் சிவப்புக் கோடு போட்ட துண்டு, முடிச்சு வலது பக்கம். இரண்டு கையாலும் ஒரு கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருப்பதைக்கூட மெல்லிய பலூனை முறுக்கிக் காட்டியிருந்தாள். வலது கையில் விரல் ஐந்து. இடது கையில் நாலு.

ஆதிமூலம் உரித்த மல்லாட்டையை வாயில் போட மறந்து நின்றார். இத்தனை வருஷம் துண்டுக்குள் ஒளித்து வைத்த கை, விளக்கு வெளிச்சத்தில், ஊரே பார்க்கும்படி, தேரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. முதலில் வெட்கம்தான் பிடுங்கியது. அப்புறம் பார்க்கப் பார்க்க, அந்தப் பலூன் ஆள் மேல் அவருக்கே ஒரு மரியாதை வந்தது. என்ன அழுத்தமாக நிற்கிறான்! அவரே அப்படித்தான் நின்றாரா? கேட்கலாம் என்றால் மணி இரண்டரைதான் ஆகிறது.

அப்போது பார்த்து வந்து சேர்ந்தார் ராஜேந்திரன். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மூக்குக் கண்ணாடியும் நோட்டும் பேனாவுமாக, காலையிலிருந்து ஒவ்வொரு உருவத்திலும் குற்றம் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவர் சொல்லைக் கேட்க ஏழெட்டுப் பேர். தேரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், குதிரையைப் பார்த்து 'பேஷ்' என்றார். புளியங்கொட்டையைக் கலயத்துக்கு மேலே கொண்டுபோனவர், குனிந்து சக்கரத்தடி ஆளைப் பார்த்தார். கை நின்றது.

"அடடா, ஒரு வெரலு கம்மி. இவ்ளோ பண்ணிட்டு வெரல எண்ண மறந்துட்டாங்களே."

சொல்லிவிட்டுப் புளியங்கொட்டையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட இருந்தவர்களும் எண்ணிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று உச்சுக் கொட்டிக்கொண்டு அடுத்த நம்பருக்கு நகர்ந்தார்கள். ஏழெட்டு ஓட்டு நடந்து போவதை ஆதிமூலம் பார்த்துக்கொண்டு நின்றார். மறக்கவில்லை ஐயா, இதோ பாரும் என்று துண்டிலிருந்து கையை உருவிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? காட்டினால் எல்லாம் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பற்களுக்கு நடுவில் மல்லாட்டை நொறுங்கியது.

கையில் இருந்த ஒற்றைப் புளியங்கொட்டை வேறு அரித்தது. போன ஏழெட்டில் ஒன்றையாவது ஈடுகட்டலாமே என்று கை தானாக ஏழாவது கலயத்துப் பக்கம் நீண்டது. யாரும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்ற நீலச் சட்டை ஒன்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதிமூலம் கையை இழுத்துக்கொண்டு, விடுவிடுவென்று நடந்து போய், பஸ்ஸுக்கு முன்னால் இருந்த கலயத்தில் போட்டுவிட்டு வந்தார். மனசாட்சிப்படி பார்த்தால் தேருக்கு அடுத்தது அதுதான். போட்ட பிறகுதான் யோசனை வந்தது. இந்த ஒன்றாலேயே பஸ் முந்திக்கொண்டு விட்டால்?

நாலரை மணி இருக்கும். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் ஒரு பதினைந்து பேர் உள்ளே நுழைந்தார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து கிரிவலத்துக்கு வந்தவர்கள். முன்னால் வந்த அம்மாளுக்கு நெற்றியில் எட்டணா அளவு குங்குமப் பொட்டு. தேரைக் கண்டதும் அந்தப் பொட்டுக்காரம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். அந்தப் பக்கத்து ஊர்களில் தேர் ஓடி வரும்போது முதல் மகசூலையும், வேண்டிக்கொண்ட உப்பு மிளகையும் தேர் மேல் இறைப்பது வழக்கம். அம்மாள் வேண்டுதலுக்கு வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கல்லுப்பையும் மிளகையும் அவிழ்த்தாள். "தாயே" என்று ஓங்கி ஒரு வீச்சு வீசினாள்.

பட், பட். தொம்பையில் ஒரு பலூனும் குதிரைக் கழுத்தில் ஒன்றும் போயின.

விபரீதம் என்னவென்றால், தேரோட்டத்தில் வேட்டுப் போடுவதும் வழக்கம். வேட்டுச் சத்தம் கேட்டதும் அவர்களுக்குப் பக்தி இன்னும் கூடிவிட்டது. அரோகரா என்று ஒரு குரல் கிளம்ப, மிச்சப் பதினாலு முந்தானையும் அவிழ்ந்தது. கண்காட்சிப் பையன்கள் போடாதீங்கம்மா போடாதீங்கம்மா என்று கத்தியது அந்த அரோகராவில் யாருக்குக் கேட்கும்? சுவரோரம் நின்ற கவிநிலா இரண்டு அடி முன்னால் வந்தாள், வந்தவள் நின்றுவிட்டாள். ஓடிப்போய்த் தடுத்தால் தேர் யாருடையது என்று மண்டபத்துக்கே தெரிந்துபோகும். தடுக்காவிட்டால் தேரே இருக்காது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தார் ஆதிமூலம்.

வாய் நிறைய மல்லாட்டை. மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். கையை மூடியிருந்த துண்டை உருவி, இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேருக்கும் பெண்களுக்கும் நடுவில் போய் நின்றார். வந்த குரல் டீக்கடைக் குரல் இல்லை. தேர்த் தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

"கட்ட விழுந்துடுச்சி! தேரு நின்னுடுச்சிம்மா! சக்கரத்தாண்ட ஆளு குனிஞ்சிருக்கான் பாருங்க!"

பதினைந்து கையும் அந்தரத்தில் நின்றன. ஓடுகிற தேர் மேல் என்ன வேண்டுமானாலும் இறைக்கலாம். கட்டை விழுந்துவிட்டது என்று குரல் வந்த பிறகு ஒரு மணி உப்பு விழக் கூடாது. விழுந்தால் சக்கரத்தடியில் குனிந்திருக்கிறவன் கண்ணில் விழும். எந்த ஊர்த் தேராக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் இதுதான் கட்டுப்பாடு. பொட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். கறுப்புச் சக்கரம், அடியில் கட்டை, குனிந்திருக்கிற ஆள். தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உப்பைத் திரும்ப முடிந்தாள். மற்றவர்களும் முடிந்தார்கள். அது மட்டுமா? காலையிலிருந்து கலசத்தையே அண்ணாந்து பார்த்த கூட்டம் முழுக்க, இந்தக் கூச்சலில் முதல் தடவையாகச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தது. கட்டை போடுகிற ஆளைக்கூட விடாமல் செய்திருக்கிறார்களே என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

டிராயிங் மாஸ்டர் ராஜேந்திரன் மட்டும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. துண்டைத் தூக்கிப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் அவர் பார்வை நின்றது. அங்கிருந்து பலூன் ஆளின் கைக்குப் போயிற்று, திரும்பவும் இங்கே வந்தது. ஆதிமூலம் சட்டென்று துண்டை இறக்கிக் கையைச் சுற்றிக்கொண்டார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டை எடுத்து, எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார். ஏழாவது கலயத்துக்குப் போய்ப் புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதற்குள் கண்காட்சி நடத்துகிற விருசபதாசன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். போன வருஷம் சிவப்பு மையில் கோடு போட்ட அதே கை. நூறு பேரைப் பார்க்கிறவர், போன வருஷத்து முகம் மனதில் நிற்கவில்லை போலிருக்கிறது. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா பார்க்க வந்தவர் எதற்கு இப்படிப் பதற வேண்டும்?

"பெரியவரே, நீங்க யாரு? இந்த ஏழாம் நம்பருக்கு எதனா உறவா?"

மண்டபம் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால் தேர் போயிற்று. இல்லை என்று சொல்லலாம், மூன்றே எழுத்து. ஆனால் பெற்ற பெண்ணைப் பத்தடி தூரத்தில் நிற்க வைத்துக்கொண்டு, எனக்கும் இதற்கும் உறவில்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"நான் தேருக்குக் கட்ட போடறவங்க."

"எந்தத் தேருக்கு?"

"கண்ணு முன்னால எந்தத் தேரு ஓடுதோ, அதுக்குப் போடுவேங்க."

விருசபதாசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேரும் சொல்லவில்லை, ஓட்டும் கேட்கவில்லை. பொட்டுக்காரம்மா வேறு குறுக்கே புகுந்து, அவர் நல்லதுதானே செய்தார், நாங்கள்தான் அறியாமல் போட்டுவிட்டோம் என்று சண்டைக்கு நின்றாள். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். ஆதிமூலம் ஒரு தூணில் சாய்ந்துகொண்டார். பையைத் துழாவினால் மல்லாட்டை தீர்ந்து வெறும் தோல்தான் இருந்தது. ஐந்துக்கு இன்னும் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை அவர் எப்படித் தள்ளினார் என்பது அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம்.

மணி ஐந்தடித்தது. மேடையில் தாம்பாளங்களை வைத்துக் கலயங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். பஸ்ஸின் தாம்பாளம் குவிந்தபோது ஆதிமூலம் கால்விரலில் எம்பிப் பார்த்தார். அதில் ஒன்று அவருடையதாயிற்றே. ஏழாவது கலயம் கவிழ்ந்தது. தாம்பாளம் கொள்ளாமல் புளியங்கொட்டைகள் மேடையில் உருண்டு ஓடின. எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் விருசபதாசன் எண்ணித்தான் ஓய்ந்தார். பிறகு தேருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்ற அட்டையைத் திருப்பினார். ஆ. கவிநிலா.

நீலச் சட்டை வரிசையிலிருந்து அவள் மேடைக்குப் போனாள். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். அப்புறம் இது அண்ணாமலையார் தேர் இல்லை, எங்கள் ஊர் மாரியம்மன் தேர் என்றாள். கட்டை போடுகிறவருக்கு ஒரு விரல் குறைகிறது என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது என்றாள்.

"மறந்துட்டு விடலிங்க. அன்னைக்குக் கொளத்துத் தெருவுல தேரு எறங்கி வந்தப்போ, அந்தச் சக்கரத்துக்கு நாலடி முன்னால நான் நின்னுட்டிருந்தேன். பதினோரு வயசு எனக்கு. கூட்டத்துல நகர முடியல. அந்த வெரலு போச்சு. நான் இருக்கேன்."

ஆதிமூலம் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. குனிந்து கட்டையைக் கொடுத்தவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அதற்கப்புறம் யார் பேச்செடுத்தாலும் எழுந்து போனவர் அவர்தானே, எங்கிருந்து தெரியும்? பதினான்கு வருஷமாக வெட்கப்பட்டு மறைத்த கைக்குள் இப்படி ஒரு சங்கதி இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வழி தெரியாமல், இந்தப் பெண் பலூன் பலூனாக ஊதிக் கட்டி அவர் கண் முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.

கவிநிலா கூட்டத்துக்குள் தேடி அவரைக் கண்டுபிடித்தாள். காலையிலிருந்து யாரோவாகப் பார்த்த கண், இப்போது மகளுடைய கண்ணாக இருந்தது.

"அப்பா, மணி அஞ்சாயிடுச்சி. இப்ப பேசலாம்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆதிமூலம் வாயைத் திறந்தார். காலையிலிருந்து விழுங்கி விழுங்கி அடைத்து வைத்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ, ஒன்றுகூட வரவில்லை. துண்டைப் பிரித்தார். இடது கையை வெளியே எடுத்து, விரலை விரித்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். ஜனங்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள், சக்கரத்தடியில் இருந்த கையைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நின்ற டிராயிங் மாஸ்டர்தான் முதலில் கை தட்டினார்.

பக்கத்தில் நின்ற பொட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தோளைத் தொட்டு, அது யாருங்க அந்தப் பொண்ணு என்று கேட்டாள்.

"எம் பொண்ணுங்க" என்றார் ஆதிமூலம்.

கைதட்டலில் அவளுக்குக் கேட்கவில்லை. அவருக்கு என்ன போயிற்று, இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் மேடை வரைக்கும் வழியில் நின்ற ஒவ்வொருவரிடமும் நின்று நின்று சொல்லிக்கொண்டே போனார். விருசபதாசனிடமும் சொன்னார், அவர் சிரித்துவிட்டார்.

சாயங்கால பஸ்ஸில் கவிநிலா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், ஒரு மாதத்துத் தூக்கம். பக்கத்து சீட்டில் ஒரு முன்பின் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தார். ஆதிமூலம் மகள் எழுந்துவிடாமல் மெல்ல நகர்ந்து அந்த ஆளிடம் இடது கையை நீட்டிக் காட்டினார். இந்த வெரலு எப்படிப் போச்சு தெரியுமாங்க என்று ஆரம்பித்தார்.